555 புத்தகத்தில் யார் பெயர்?

பண்டமாரானில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இந்த உரையின் தலைப்பைச் சொன்னபோது அறக்கட்டளைக் குழுவில் ஒருவர் தயங்கினார். "சட்டமா ஐயா? சனங்க உட்காந்து கேப்பாங்களா?" என்றார். நான் வழக்கறிஞன் அல்லன். முப்பது ஆண்டுக்கு மேல் நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக நின்றவன். சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, மலாயிலும் ஆங்கிலத்திலும் கேட்டதைத் தமிழில் சொல்லி, தமிழில் வந்த பதிலைத் திருப்பிச் சொல்வது என் வேலை. மொழிபெயர்ப்பாளன் விளக்கம் சொல்லக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது, சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டை நான் மீறியதில்லை. அத்தனை ஆண்டு மனத்துக்குள் அடக்கிவைத்த விளக்கத்தைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

சட்டைப்பைக்குள் அடங்கும் 555 புத்தகத்தை இங்கே தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். சாமான் கடையில் கடன் எழுதும் சிறிய நோட்டு. எங்கள் வீட்டுக்கும் ஒன்று இருந்தது. அரிசி, மண்ணெண்ணெய், கருவாடு, பள்ளிக்கூடப் பென்சில் எல்லாம் அதில் ஏறும். கடைக்குப் போனவர் அம்மா. புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்த பெயர் அப்பாவுடையது. சம்பளத்தன்று கடனை அடைத்தது அம்மாவின் பால்வெட்டுக் காசு. வாங்கியவர் ஒருவர், பெயர் இன்னொருவருடையது, கட்டியவர் மறுபடியும் முதலாமவர். அப்பா அந்தக் கடைக்குள் காலெடுத்து வைத்ததை நான் பார்த்ததே இல்லை. அந்தக் கடன் சட்டப்படி யாருடையது? வேலைக்குச் சேர்ந்து சட்டப் புத்தகங்களைப் புரட்டத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் பெண்கள் என்னிடம் கேட்டது இதையே வேறு விதமாக. "அவர் வாங்குன கடனுக்கு நான் கட்டணுமா ஐயா?"

இதற்கான பதிலைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். மனைவி என்ற ஒரே காரணத்தால் கணவனின் கடன் மனைவிமேல் ஏறாது. கணவன் என்ற ஒரே காரணத்தால் மனைவியின் கடனும் கணவன்மேல் ஏறாது. நம் மலேசியாவின் 450ஆம் சட்டமான மணமான மகளிர் சட்டம் 1957ஆம் ஆண்டினது. மெர்டேக்கா என்னும் விடுதலை கிடைத்த அதே ஆண்டு. மணமான பெண் தன் பெயரில் சொத்து வாங்கலாம், வைத்துக்கொள்ளலாம், விற்கலாம். ஒப்பந்தம் செய்யலாம், கடன்படலாம், வழக்குப் போடலாம், அவள்மீதும் வழக்குப் போடலாம். திவால் சட்டமும் அவளுக்கு உண்டு. உரிமையையும் பொறுப்பையும் ஒரே மூச்சில் கொடுத்த சட்டம் அது.

அதன் அருமை தெரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய ஆங்கிலச் சட்டத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கல்யாணம் ஆனதும் பெண்ணின் சட்ட ஆளுமை கணவனுக்குள் கரைந்துவிடும் என்பது அங்கே பழைய கொள்கை. அவளுடைய பணமும் நகையும் அவன் கைக்குப் போகும். அதற்கு ஈடாக, கல்யாணத்துக்கு முன்பு அவள் பட்டிருந்த கடனும் அவன் தலையில் விழும். 1870இலும் 1882இலும் வந்த சட்டங்கள்தான் அங்கே இந்தக் கட்டை அவிழ்த்தன.

நம் தோட்டங்களில் நிலைமை வேறு. கிள்ளானைச் சுற்றியிருந்த தோட்டங்களில் பெண் தொடக்கம் முதலே கூலிக்காரி. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் தனியாக இருந்தது. பெரட்டு என்ற காலை ஆள்கணக்கெடுப்பில் அவளும் தனியாக நின்றாள். 1920களின் இறுதியில் அரசு நிர்ணயித்த கூலி, போக்குவரத்து எளிதான பகுதிகளில் ஒரு நாளைக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அது 40ஆகவும் 32ஆகவும் இறங்கியது. கூலி குறைவு என்பது ஒரு வழக்கு. அந்தக் குறைந்த கூலியும் அவள் பெயரில்தான் எழுதப்பட்டது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். லண்டனில் ஒரு கனவானின் மனைவிக்குத் தன் பெயரில் பணம் வைத்துக்கொள்ளச் சட்டம் தேவைப்பட்டது. இங்கே லயத்தில் இருந்தவளிடம் பணம் இருந்தது. அது வீட்டுக்கு வந்து சேருமுன் போகும் வழிதான் பல.

அந்த வழிகளில் ஒன்று கள்ளுக்கடை. 1941இல் ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேசும்போது கூலி உயர்வையும், துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு எதிரான கோரிக்கையையும் எல்லாரும் சொல்வார்கள். கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அதே கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின, நாதன் நாடு கடத்தப்பட்டார். அந்தக் கள்ளுக்கடைக் கோரிக்கையை நான் ஒரு குடும்பக் கடன் கோரிக்கையாகவே படிக்கிறேன். சாமான் கடைப் பாக்கி ஏன் அடையவில்லை என்பதற்கான பதில் அதில் இருக்கிறது.

இங்கே ஒரு பழைய நூலுக்குப் போய்வர அனுமதி வேண்டும். யாக்ஞவல்கிய ஸ்மிருதி. அதில் நான் ஏற்காதவை ஏராளம். ஆனால் கடனைப் பற்றிய பகுதி என்னை வியக்கவைத்தது. கணவன் பட்ட கடனையோ மகன் பட்ட கடனையோ பெண் கட்ட வேண்டியதில்லை என்கிறது. மூன்று விலக்கு: அவளே ஏற்றுக்கொண்டது, கணவனோடு சேர்ந்து வாங்கியது, அவளே தனியாக வாங்கியது. மனைவி வாங்கிய கடனைக் கணவன் கட்ட வேண்டியதில்லை என்றும் சொல்கிறது. ஆனால் குடும்பத்துக்காக வாங்கியதானால் கட்ட வேண்டும். குடிக்கும் சூதுக்கும் தகப்பன் பட்ட கடன் மகன்மேல் ஏறாது. இவ்வளவும் இன்றைய சட்டக் கல்லூரிப் பாடத்துக்கு அதிக தூரத்தில் இல்லை.

அதே பகுதியில் வரும் ஒரு வரிதான் என்னை நிறுத்திவைத்தது. இடையர், கள் விற்போர், கூத்தர், வண்ணார், வேடர் ஆகியோரின் மனைவிமார் பட்ட கடனைக் கணவன் கட்டியே ஆக வேண்டும் என்று தனியாக ஒரு விதி. காரணத்தையும் அந்த நூலே சொல்கிறது: அந்தக் குடும்பங்களின் பிழைப்பு அந்தப் பெண்களை நம்பியே நடக்கிறது. சாதிப் படிநிலையில் கீழே வைத்த சனங்களைப் பற்றிப் பேசும்போதுதான், குடும்பத்தை நடத்துகிறவள் பெண் என்பதை அந்த நூல் வாய்திறந்து ஒத்துக்கொள்கிறது. ரப்பர்த் தோட்டம் அந்தக் காலத்தில் இல்லை. இருந்திருந்தால் பால்வெட்டுக்காரரும் அந்த வரிசையில் வந்திருப்பார்.

இனி அந்த 555 புத்தகம். வீட்டுச் சாமான் கடனுக்கு மலேசியச் சட்டம் தனியாக ஒரு பிரிவு எழுதவில்லை. முகவர் சட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டும். சேர்ந்து வாழும் மனைவி, வீட்டுக்குத் தேவையான பொருளை, குடும்பத்தின் தகுதிக்கு ஏற்ற அளவில் கடனுக்கு வாங்கினால், கணவனின் சார்பாக வாங்கினாள் என்று அனுமானிக்கலாம் என்பது ஆங்கிலப் பொதுச்சட்டம். 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின்படி, தீபகற்ப மலேசியாவுக்கு அந்தப் பொதுச்சட்டம் 1956 ஏப்ரல் 7ஆம் தேதி இருந்த நிலையில் வந்து சேர்ந்தது. நம் சட்டம் எதுவும் வேறு விதமாகச் சொல்லாதவரை அதுவே வழிகாட்டி. கணவன் கைவிட்ட மனைவி உயிர்வாழத் தேவையானதை அவன் பெயரில் கடனுக்கு வாங்கலாம் என்ற பழைய விதியை இங்கிலாந்து 1970இல் ரத்து செய்தது. நமக்கு அந்தத் தேதி பொருந்தாது. அவர்கள் கழற்றி எறிந்த சட்டை நம் வீட்டுக் கொடியில் இன்னும் தொங்குகிறது.

அனுமானம் உடையக்கூடியது. 1880இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த டெபன்ஹாம் எதிர் மெல்லன் வழக்கு இதில் முதல் பாடம். கணவனும் மனைவியும் ஒரு ஹோட்டலை நடத்தும் வேலையில் இருந்தார்கள். துணிமணிக்கென்று கணவன் பணம் கொடுத்திருந்தான், தன் பெயரில் கடன் வாங்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தான். மனைவி கடனுக்குத் துணி வாங்கினாள். கடைக்காரர்கள் கணவன்மீது வழக்குப் போட்டுத் தோற்றார்கள். கணவன் விதித்த தடை அவர்களுக்குத் தெரியாது. அப்படியிருந்தும் கணவனுக்குப் பாதகம் எதுவும் வரவில்லை.

அப்படியானால் பண்டமாரான் கடைக்காரர் மட்டும் ஏமாளியா? இல்லை, அவருக்கும் ஒரு பிடி உண்டு. பத்து ஆண்டு மாதாமாதம் மனைவியின் கணக்கைத் தீர்த்துவந்த கணவன், பதினோராம் ஆண்டில் "நான் சொல்லவே இல்லையே" என்று கைவிரிக்க முடியாது. தொடர்ந்து நடந்துவந்த நடத்தையிலிருந்து அதிகாரத்தை ஊகிக்கலாம் என்கிறது 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 140ஆம் பிரிவு. நம் ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் வார்ப்பு. அங்கே இதே விதிக்கான உதாரணத்தில் வரும் முதலாளி கல்கத்தாவில் இருப்பார், கடை செராம்பூரில் இருக்கும். இங்கே முதலாளி கோலாலம்பூரில், கடை காஜாங்கில். ஊர்ப் பெயரை மாற்றியவர்கள், கடைக்குப் போகிறவர் யார், கட்டுகிறவர் யார் என்பதையும் ஒருமுறை பார்த்திருக்கலாம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

ஏனென்றால் இந்த விதிகள் எல்லாம் ஒரே திசையில் ஓடுகின்றன. சம்பாதிப்பவன் கணவன், செலவழிப்பவள் மனைவி என்ற வீட்டை வைத்து எழுதியவை. நேர்மாறான வீடு நம் தெருவில் எத்தனை! மனைவி தொழிற்சாலையில் மூன்று ஷிப்டு பார்க்கிறாள். கணவன் வேலையில்லாமல் இருக்கிறான், மனைவி பெயரைச் சொல்லிக் கடையில் வாங்கிவருகிறான். இந்த வீட்டுக்கு மேற்சொன்ன அனுமானம் தெளிவாக எதையும் சொல்வதில்லை.

வேறு நாடுகள் இதை நேராக்கிவிட்டன. ஜெர்மனியின் சிவில் சட்டத்தில் 1357ஆம் பிரிவு உண்டு. 1900இல் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, வீட்டுக் காரியத்துக்குக் கணவனைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மனைவிக்கு இருந்தது. அதைத் திரும்பப் பெறும் அதிகாரம் கணவனிடம் இருந்தது. அந்த அதிகாரத்துக்கு ஜெர்மன் மொழியில் வழங்கும் பெயர் சாவி அதிகாரம். இடுப்பில் சாவிக்கொத்துச் செருகிய ஆச்சிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் பொருள் சட்டென்று விளங்கும். 1977 ஜூலை முதல் அது இருவருக்கும் பொதுவானது. குடும்பத்தின் நியாயமான அன்றாடத் தேவைக்கு யார் வாங்கினாலும் இருவருக்கும் உரிமை, இருவருக்கும் பொறுப்பு. பிரான்சின் சிவில் சட்டம் 220ஆம் பிரிவில் வீட்டுச் செலவையும் பிள்ளைகள் படிப்பையும் இருவர் தலையிலும் வைக்கிறது. கையோடு ஒரு வேலியும் போடுகிறது: வீட்டின் நிலைமைக்கு மீறிய செலவு இதில் சேராது, இருவரும் சம்மதிக்காத தவணைக் கொள்முதலும் சேராது, அப்படிச் சம்மதமின்றிக் கடனாக வாங்கிய பணம், அன்றாடத் தேவைக்கான சிறு தொகையாக இருந்தாலொழிய, அதுவும் சேராது.

அந்த வேலிதான் எனக்கு முக்கியம். சோறும் விளக்கும் பள்ளிக்கூடமும் இருவருடைய கடன். வட்டிக்கு வாங்கியது, வாங்கியவருடைய கடன். நம் நாட்டுக்கும் இப்படி ஒரு பிரிவு வேண்டும் என்பது என் கருத்து. குறுகியதாக, இருபுறமும் ஓடுவதாக. பெண்களுக்குச் சுமை கூட்டுகிறேன் என்று சில தோழியர் என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சுமையை அவர்கள் ஏற்கெனவே சுமக்கிறார்கள். கணவன் பங்கைக் கேட்டு வாங்குவதற்குச் சட்டத்தில் எழுத்து இல்லை என்பதுதான் இன்றைய குறை. மனைவிக்குப் பராமரிப்புக் கேட்க 1950ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, உண்மை. நீதிமன்றம் ஏறிப் பராமரிப்புக் கேட்பது வேறு. "இந்த அரிசிக் கணக்கில் பாதி உங்களுடையது" என்று வாசலில் நின்று சொல்ல முடிவது வேறு.

இதுவரை சொன்னது சிறிய கடன். குடும்பங்களை நான் கண்முன்னே சாய்ந்துபோகப் பார்த்தது கையெழுத்தால்.

மலாயில் பெமிஞ்ஜாம் என்றால் கடன் வாங்கியவர். பெஞ்ஜாமின் என்றால் ஜாமீன் நிற்பவர். காதில் விழும்போது இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சாக்சி என்றால் சாட்சி. கடன் தாளில் இந்த மூன்று சொல்லுக்கும் கீழே மூன்று கோடு. கோட்டில் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தால் நம்மவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஜாமீன் என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. தமிழில் அதைக் கேட்டதும் போலீஸ் நிலையத்திலிருந்து ஆளை வெளியே எடுப்பதுதான் நினைவுக்கு வருகிறது. 'நல்ல மனுஷன்தான் என்று சொல்கிறேன்' என்ற அளவில் அதைப் புரிந்துகொண்டு போடுகிறோம். மலாய்ச் சொல்லுக்கும் நம் ஜாமீனுக்கும் வேர் ஒன்றுதான். ஒப்பந்தச் சட்டத்தின் 81ஆம் பிரிவோ ஒரே வரியில் முடிக்கிறது: வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், கடன்பட்டவரின் பொறுப்பு எவ்வளவோ ஜாமீன்தாரரின் பொறுப்பும் அவ்வளவு.

இன்னொரு சொற்றொடர்: பெர்செசாமா டான் பெராசிங்கான். தமிழில் 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்று நான் நூறு முறை சொல்லியிருப்பேன். கணவனும் மனைவியும் சேர்ந்து கடன் வாங்கிய வழக்குகளில் வரும். ஒருமுறை ஒரு அம்மா அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "அப்ப என் பங்கு பாதிதானே ஐயா?" என்றார். அதை மொழிபெயர்த்து நீதிபதியிடம் சொல்லத்தான் என்னால் முடிந்தது. பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. பாதி அல்ல அம்மா. முழுத்தொகையையும் உங்களிடம் மட்டுமே கேட்கலாம், முழுத்தொகையையும் அவரிடம் மட்டுமே கேட்கலாம், யாரிடம் எளிதாகக் கிடைக்குமோ அவரிடம் வருவார்கள். மாதச் சம்பளக்காரரிடம்தான் எளிதாகக் கிடைக்கும். அந்த அம்மா பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை பார்த்தவர். இந்தப் பதிலை இன்று சொல்கிறேன். அவர் இந்த மண்டபத்தில் இல்லை.

கார் விஷயம் உங்களுக்கே தெரியும். கணவன் பெயர் வங்கிகளின் கடன் பதிவில் கெட்டுப்போயிருக்கும். "உன் பேர மட்டும் போடு, கட்டுறது நான்தானே" என்று மனைவி பெயரில் கார் வரும். இங்கே அவள் ஜாமீன்கூட அல்லள், அவளே கடனாளி. தவணை தவறினால் கடிதம் அவளுக்கு வரும், கார் போனபிறகு மிச்சத் தொகைக்கு வழக்கும் அவள்மீது. கல்யாணம் முறிந்து கார் அவரிடமே இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை.

நல்ல செய்தியும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. 1967ஆம் ஆண்டுத் திவால் சட்டம் 2017 அக்டோபர் 6 முதல் புதுப் பெயரோடும் புதுப் பாதுகாப்போடும் வந்தது. லாப நோக்கமின்றி மூன்று வகைக் கடனுக்கு ஜாமீன் நின்றவரைச் சமூக ஜாமீன்தாரர் என்று அது வகுத்தது: படிப்புக் கடன், சொந்தப் பயன்பாட்டு வாகனத்தின் தவணைக் கொள்முதல், சொந்தக் குடியிருப்புக்கான வீட்டுக் கடன். இந்தக் கடன்களுக்காக அவரைத் திவாலாக்க முடியாது. மற்ற ஜாமீன்தாரர்களைத் திவாலாக்கவும், கடனாளியிடம் வசூலிக்கும் வழிகளை எல்லாம் முடித்துவிட்டு நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். திவாலுக்கான குறைந்தபட்சக் கடன் 30,000 ரிங்கிட்டிலிருந்து 50,000 ஆனது. இப்போது 100,000 ரிங்கிட். ஆனால் கவனியுங்கள். திவாலாக்க முடியாது என்றால் வழக்கே போட முடியாது என்று பொருளல்ல. கடன் அப்படியேதான் இருக்கும். கணவனின் லோரித் தொழிலுக்கு, உணவகத்துக்கு என்று போட்ட கையெழுத்து இந்த மூன்று வகைக்குள் வரவும் வராது.

கணவன் தொழிலுக்கு மனைவி கையெழுத்து என்ற இந்த இடத்தில்தான் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 2001இல் நின்று யோசித்தது. ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து எதிர் எட்ரிட்ஜ் வழக்கு. அதோடு அதே மாதிரியான வேறு பல வழக்குகளையும் சேர்த்து விசாரித்தார்கள். கணவனின் கடனுக்கு மனைவி உறுதி கொடுக்கிறாள் என்றாலே வங்கி விழித்துக்கொள்ள வேண்டும். ஒரு வழக்கறிஞர், கணவன் அருகில் இல்லாமல், அவளிடம் நேரில், சட்ட மொழி இல்லாமல் விளக்க வேண்டும்: எவ்வளவு தொகை, எதை இழக்க நேரலாம், வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. நம் நீதிமன்றங்களை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது, மதித்துக் கேட்கப்படும். தகாத செல்வாக்கைப் பற்றி நம் ஒப்பந்தச் சட்டத்திலேயே 16ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் அதை நிரூபிக்கக் கையெழுத்துப் போட்ட பிறகு வழக்காட வேண்டும். கையெழுத்துக்கு முன்னால், அவளுக்குத் தெரிந்த மொழியில் ஒருவர் உட்கார்ந்து விளக்குவதை ஏன் கட்டாயமாக்கக் கூடாது? கொலை வழக்கில் மொழிபெயர்ப்பாளன் கட்டாயம். வீடு போகும் ஒப்பந்தத்துக்குக் கட்டாயமில்லை. இதில் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

வட்டிக்காரர்களைப் பற்றி நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. உரிமம் பெற்றவர் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஈடு வைத்த கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, ஈடில்லாக் கடனுக்கு 18 விழுக்காடுதான் வாங்கலாம். உரிமமில்லாத வட்டிக்காரரான ஆலோங் நீதிமன்றத்துக்கே வர முடியாது. அவர் ஒப்பந்தம் செல்லாது. அதனால்தான் வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றுகிறார். சாயம் மனைவியின் வாசலில் விழுவதால் கடன் மனைவியுடையது ஆகிவிடாது. போலீஸில் புகார் கொடுங்கள்.

கூட்டு பிடிக்கும் அக்காமாரும் இங்கே இருப்பீர்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டு, சீட்டு, ஹுவே என்று எந்தப் பெயரில் வந்தாலும் அதை நடத்தும் தொழிலைத் தடை செய்கிறது. கூட்டு உடைந்தால் சனங்கள் முதலில் அதை நடத்தியவளின் புருஷனைத்தான் பிடிப்பார்கள். அவர் அதில் கலந்துகொள்ளாதவரை, அவரிடம் கேட்கச் சட்டத்தில் இடமில்லை.

மரணத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கணவன் இறந்தால் அவர் கடன் அவர் விட்டுப்போன சொத்திலிருந்து தீர வேண்டும். சொத்து போதாவிட்டால் மிச்சக் கடன் மனைவியின் சம்பளத்துக்கு வராது. முஸ்லிம் அல்லாத ஒருவர் ஆயுள் காப்பீட்டில் மனைவியையோ பிள்ளையையோ நியமித்திருந்தால், அந்தப் பணம் அறக்கட்டளைப் பணம் போன்றது. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டப்படி அது அவருடைய கடனுக்குப் போகாது. இவ்வளவு பாதுகாப்பையும் ஒரு தாள் உடைத்துவிடும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த வீட்டுக்கு ஒருவர் வருவார். மிகவும் மரியாதையாகப் பேசுவார். "கணக்க நேர் பண்ணத்தான் அக்கா, இங்க ஒரு கையெழுத்து" என்பார். கட்டுவதாக எழுதிக் கொடுத்த நிமிடம் அது உங்கள் கடன் என்று வாதாட அவருக்கு வழி பிறக்கிறது. துக்க வீட்டில் யாரும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். நியாயமான கடன் ஒரு மாதத்தில் கெட்டுப்போகாது.

மணமுறிவு வழக்கில் கடனுக்கு ஓர் இடம் உண்டு. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன் 76ஆம் பிரிவு, சொத்தைப் பிரிக்கும்போது இருவர் நன்மைக்காகவும் ஒருவர் பட்ட கடனைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. வீட்டையும் குடும்பத்தையும் பார்த்துக்கொண்டவரின் உழைப்பையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஆனால் எதற்காக வாங்கிய கடன் என்று காட்டப் பெண்களிடம் ரசீது இருப்பதில்லை. கணவனின் பைல் தடிமனாக இருக்கும். மனைவி கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் பிறப்புப் பத்திரங்கள். நான் அந்தப் பையைப் பார்த்துப் பார்த்துப் பழகியவன். தயவுசெய்து மின்கட்டண ரசீதை, பள்ளிக் கட்டண ரசீதை, 555 புத்தகத்தைத் தூக்கி எறியாதீர்கள். கடன் தலைக்குமேல் போனால் பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே அலுவலகம் கட்டணமில்லாமல் ஆலோசனை தரும். வழக்கறிஞருக்குப் பணமில்லாதவருக்குச் சட்ட உதவித் துறை இருக்கிறது. போய்க் கேளுங்கள். கேட்பதில் ஒரு குறைவும் இல்லை.

கடைசியாக, என்னோடு கொண்டுவந்த ஒன்றை மேசைமேல் வைக்கிறேன். அம்மா எறியாமல் வைத்திருந்த 555 புத்தகம். அட்டை போய்விட்டது. எழுபதுகளில் அப்பா இறந்த மாதத்தின் பக்கம் இதில் இருக்கிறது. அதற்குப் பிறகும் ஏழு மாதம் சாமான் அப்பா பெயரிலேயே ஏறியிருக்கிறது. ஏழு மாதமும் அம்மா கட்டியிருக்கிறார், அடைத்ததற்கான கோடு இருக்கிறது. எட்டாம் மாதம் கடைக்காரர் அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, பக்கத்தில் பென்சிலால் அம்மாவின் பெயரை எழுதியிருக்கிறார். எழுத்து மங்கிவிட்டது, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். பார்க்க விரும்புகிறவர்கள் முன்னே வாருங்கள்.